படத்தில் வேட்டையாடிய விகாரிகளும், வரலாற்றில் வேட்டையாடப்பட்ட மனிதர்களும்

(கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.)

‘த ஹில்ஸ் ஹேவ் ஐஸ் 2’ என்று ஒரு ஹொலிவூட் திகில் படம். 2007 மார்ச்சில் வெளிவந்தது. குன்றுகளுக்கும் கண்கள் உண்டு என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். 2006இல் வந்த படத்தின் தொடர்ச்சி இது. அந்த 2006 படமோ 1977இல் வெஸ் கிரேவன் எடுத்த பழைய படமொன்றின் மறு ஆக்கம். இரண்டாம் பாகத்தின் கதையை வெஸ் கிரேவனும் அவரது மகன் ஜொனதனும் எழுதினார்கள். மார்ட்டின் வைஸ் இயக்கினார்.

கதை சின்னது. அமெரிக்க தேசியக் காவற்படையில் பயிற்சி பெறும் இளம் சிப்பாய்கள் சிலர், நியூ மெக்சிகோ பாலைவனத்திலுள்ள விஞ்ஞானிகளின் முகாமொன்றுக்குச் சாமான்கள் கொண்டுபோகிறார்கள். முகாமில் ஆளில்லை. குன்றுகளுக்குள்ளும் பழைய சுரங்கங்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும் உருக்குலைந்த மனிதர்கள் அவர்களை ஒவ்வொருவராக வேட்டையாடத் தொடங்குகிறார்கள். யார் இந்த மனிதர்கள்? அரசாங்கம் அங்கே அணுகுண்டைப் பரிசோதித்தபோது இடத்தை விட்டு வெளியேற மறுத்த சுரங்கத் தொழிலாளரின் வழிவந்தவர்கள், கதிர்வீச்சால் விகாரமடைந்தவர்கள் என்பதுதான் முதற்பாகம் சொல்லும் பின்கதை.

இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி நாம் எழுதவில்லை. வன்முறை, அதிலும் பெண்கள் மீதான வன்முறை, அளவுக்கு மிஞ்சிய படம் அது. ஆனால் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு வந்து, “இது உண்மையிலேயே நடந்ததா?” என்று கேட்கிறார்கள். வரலாறு கற்பிக்கும் நாம் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிவிட முடியாது. ஏனென்றால் அந்தக் கதையில் குண்டு உண்மை. சுரங்கத் தொழிலாளர்கள் உண்மை. பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களும் உண்மை. பொய் ஒன்றே ஒன்றுதான்: யார் யாரை வேட்டையாடினார்கள் என்பது.

முதற் குண்டு

1945 ஜூலை 16, அதிகாலை 5.29 மணி. நியூ மெக்சிகோவில் ஹோர்னாடா டெல் முவேர்த்தோ என்ற பாலைவனம். செத்தவனின் பயணம் என்று பொருள்படும் அந்த ஸ்பானியப் பெயர் குண்டுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. உலகின் முதலாவது அணுகுண்டு அங்கேதான் வெடித்தது. ‘ட்ரினிட்டி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹிரோஷிமாவுக்கு மூன்று வாரம் முன்பு.

அது ஆளில்லாத இடம் என்றுதான் நாமெல்லோரும் படித்தோம். ஆனால் சுற்றிலும் 80 கிலோமீற்றருக்குள் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். ஆடு மாடு வளர்ப்போர், சிறு விவசாயிகள், ஸ்பானிய வழிவந்த குடும்பங்கள், பழங்குடியினர். யாருக்கும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. யாரையும் வெளியேற்றவுமில்லை. படத்தில் வருவதுபோல “போகச் சொன்னோம், அவர்கள் மறுத்தார்கள்” என்ற கதைக்கே இடமில்லை. போகச் சொல்லப்படவே இல்லை.

வெடிச்சத்தத்துக்கு என்ன விளக்கம் கொடுத்தார்கள் தெரியுமா? அலமொகோர்டோ விமானத் தளத்தில் வெடிமருந்துக் களஞ்சியம் ஒன்று தவறுதலாக வெடித்துவிட்டது என்று இராணுவம் பத்திரிகைகளுக்கு அறிவித்தது. அதற்குப் பின்னர் வெண்சாம்பல் ஊர்களின் மீது விழுந்தது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கும் ஊர்கள் அவை. கூரையில் விழுந்த சாம்பல் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாடுகளின் முதுகில் மயிர் உதிர்ந்து, பின்பு வெள்ளையாக முளைத்தது.

படம் இன்னொரு விடயத்தையும் குழப்புகிறது. நியூ மெக்சிகோவின் வானத்தில் அமெரிக்கா வெடித்த அணுகுண்டு இந்த ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை பசுபிக் தீவுகளிலும், நெவாடா மாநிலத்திலும் நடந்தன. நெவாடா பரிசோதனைத் தளத்தில் மட்டும் 1951 முதல் 1992 வரை 928 பரிசோதனைகள். அவற்றில் 100 வளிமண்டலத்தில், அதாவது திறந்த வெளியில், நடத்தப்பட்டவை.

பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள்

சிப்பாய்களின் கதையும் நெவாடாவில்தான் நடந்தது. 1951 முதல் 1957 வரை ‘டெஸர்ட் ரொக்’ என்ற பெயரில் தொடர் இராணுவப் பயிற்சிகள் நடந்தன. நோக்கம் இதுதான்: நாளைய யுத்தத்தில் அணுகுண்டு வெடித்த களத்தில் சிப்பாய் சண்டை பிடிப்பானா, பயந்து ஓடுவானா என்று பார்ப்பது. இதற்காக உளவியலாளர்களும் வந்திருந்தார்கள். குண்டுக்கு முன்னும் பின்னும் சிப்பாய்களிடம் கேள்விகள் கேட்டுப் பதிந்தார்கள்.

1951 நவம்பர் 1ஆம் திகதி முதற் பயிற்சியில் படையினர் வெடிப்பிடத்திலிருந்து சுமார் 11 கிலோமீற்றர் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அந்தத் தூரம் குறைந்துகொண்டே போனது. 1953இல் நான்கு கிலோமீற்றருக்கும் உள்ளே, பதுங்குகுழிகளில் குனிந்திருந்தார்கள். கண்களை இறுக மூடிக் கையால் பொத்தியிருந்தபோதும் தங்கள் கை எலும்புகளையே எக்ஸ்ரே படம்போலக் கண்டதாகப் பலர் பின்னாளில் சொன்னார்கள். அதிர்வலை கடந்ததும் எழுந்து, வெடிப்பிடத்தை நோக்கி நடக்கும்படி கட்டளை. திரும்பி வந்ததும் உடுப்பிலிருந்த தூசியை விளக்குமாற்றால் தட்டினார்கள். கதிரியக்கத்தை அகற்றும் ஏற்பாடு பலருக்கு அவ்வளவுதான்.

1957 ஓகஸ்ட் 31இல் ‘ஸ்மோக்கி’ என்ற 44 கிலோதொன் குண்டு வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் பங்குபற்றிய 3,224 பேரை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பின்னர் தேடிப் பிடித்து ஆராய்ந்தது. 1980இல் முடிவு வெளிவந்தது. வழமையாக எதிர்பார்க்கக்கூடிய குருதிப் புற்றுநோயாளர் 3.5 பேர். அவர்களிடையே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 9 பேர்.

1945க்கும் 1962க்கும் இடையில் அமெரிக்காவின் அணுப் பரிசோதனைகளில் பங்குபற்றிய படையினர் 2 இலட்சத்துக்கும் அதிகம். இவர்கள் வழக்குப் போட முடிந்ததா? முடியவில்லை. சேவையின்போது ஏற்பட்ட பாதிப்புக்காக ஒரு படைவீரர் அரசாங்கத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்று 1950ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வைத்தியரிடமாவது நடந்ததைச் சொல்ல முடிந்ததா? அதுவும் கடினம். இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கட்டு சட்டப்படி அவிழ்ந்தது 1996இல்தான். இடையில் 1973 ஜூலையில் சென் லூயிஸ் நகரிலிருந்த படையினர் ஆவணக் காப்பகத்தில் தீ பிடித்தது. 160 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோவைகள் எரிந்துபோயின. “நான் அங்கே இருந்தேன்” என்று நிரூபிக்க வேண்டியிருந்த பலரின் கடதாசிகளும் அந்தச் சாம்பலில் கலந்தன.

படத்தில் சிப்பாய்களை இருட்டிலிருந்து யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையிலும் அவர்களை யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், கையில் குறிப்புப் புத்தகத்தோடு.

காற்று வீசிய பக்கத்து மக்கள்

நெவாடாவில் குண்டு வெடிப்பதற்கு முன் காற்றின் திசையைப் பார்ப்பார்கள். லாஸ் வேகாஸ், லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காற்று வீசினால் தள்ளிப்போடுவார்கள். கிழக்கே வீசினால் வெடிப்பார்கள். கிழக்கே ஆட்கள் இல்லாமலில்லை. யூட்டா மாநிலத்தின் சிறு ஊர்கள் இருந்தன. தேசப்பற்று மிக்க, அரசாங்கம் சொல்வதை நம்புகிற விவசாயக் குடும்பங்கள்.

1953 மே 19ஆம் திகதி வெடித்த ‘ஹரி’ என்ற குண்டின் மேகம் சென் ஜோர்ஜ் என்ற ஊருக்கு மேலால் போனது. மக்களைச் சில மணிநேரம் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். வாகனங்களைக் கழுவினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வசந்தத்தில் அப்பகுதி மேய்ச்சல் நிலங்களில் 4,000க்கும் மேற்பட்ட செம்மறியாடுகளும் குட்டிகளும் செத்தன. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1956இல் வழக்குத் தோற்றது. அதே நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன் 1982இல் அரச தரப்பு நீதிமன்றத்தையே ஏமாற்றிவிட்டது என்று கூறித் தன் பழைய தீர்ப்பைத் தானே இரத்துச் செய்தார். ஆனால் மேல்நீதிமன்றம் அதையும் கவிழ்த்தது.

மனிதரின் வழக்கும் அப்படித்தான் போனது. 1984இல் நீதிபதி புரூஸ் ஜென்கின்ஸ் 24 பேரின் வழக்குகளை ஆராய்ந்து, 10 பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1987இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. அரசாங்கம் எடுக்கும் கொள்கை முடிவுகளுக்காக அதன்மீது வழக்குத் தொடர முடியாது என்பது காரணம். அதாவது பாதிப்பு நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்றுதான் சொன்னது.

இங்கே ஒரு சின்னத் தகவல். சினிமா பற்றிய பதிவு என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1951 ஜனவரியில் நெவாடாவில் குண்டு வெடித்தபோது, நாட்டின் மறுகோடியிலுள்ள ரொசெஸ்டர் நகரில் கதிரியக்கப் பனி பெய்தது. அங்கே கொடாக் நிறுவனத்தின் பிலிம் தொழிற்சாலை இருந்தது. கதிரியக்கம் பிலிமில் புள்ளி விழுத்திப் பழுதாக்கிவிடும். நிறுவனம் முறையிட்டது. இனிமேல் பரிசோதனைகளுக்கு முன்னரே பிலிம் உற்பத்தியாளர்களுக்குத் தகவல் தருகிறோம் என்று அணுசக்தி ஆணைக்குழு ஒப்புக்கொண்டது. ஆனால் அயடீன் 131 புல்லில் விழுந்து, மாடு மேய்ந்து, பாலில் இறங்கி, குழந்தையின் தைரொயிட் சுரப்பியில் போய்த் தங்கும் என்ற செய்தியோடு பால் குடிக்கும் வீடுகளுக்கு யாரும் போகவில்லை. அந்த அயடீனின் அரைவாழ்வுக் காலம் 8 நாள். கொஞ்ச நாளைக்குப் பாலைத் தவிருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். படச்சுருளுக்குக் கிடைத்த எச்சரிக்கை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

சுரங்கத் தொழிலாளர்கள்

படத்தில் அரக்கர்களின் மூதாதையர் சுரங்கத் தொழிலாளர்கள். உண்மையில் அந்தப் பிரதேசத்தின் சுரங்கத்துள் இறங்கியவர்களில் பெருந்தொகையானோர் நவாஹோ பழங்குடி மக்கள். அணுகுண்டுக்குத் தேவையான யுரேனியத்தைத் தோண்டியவர்கள். காற்றோட்டமில்லாத குழிகளில் றேடன் வாயுவைச் சுவாசித்தார்கள். யுரேனியத் தூசி படிந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கினார்கள். ஆபத்து என்னவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நுரையீரற் புற்றுநோய் அவர்களிடையே பரவலானது.

1979 ஜூலை 16ஆம் திகதி, ட்ரினிட்டி வெடித்து 34 வருடங்கள் நிறைந்த அதே நாளில், நியூ மெக்சிகோவின் சேர்ச் ரொக் என்ற இடத்தில் யுரேனியக் கழிவுக் குளத்தின் அணை உடைந்தது. 1,000 தொன்னுக்கும் அதிகமான கழிவும் பெருமளவு கதிரியக்க நீரும் நவாஹோ மக்களின் ஆடுகள் நீர் குடிக்கும் புவேர்கோ ஆற்றில் கலந்தன. அதே வருடம் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து உலகம் முழுக்கத் தெரியும். இது யாருக்கும் தெரியாது.

நவாஹோ மொழியில் யுரேனியத்தை ‘லீட்சோ’ என்கிறார்கள், மஞ்சள் மண் என்ற கருத்தில். அந்த மக்களில் பலர் அதை ஓர் அரக்கனாகவே வைத்துப் பேசுவதுண்டு. இதைக் கவனியுங்கள். தோண்டியவர்கள் அந்த மண்ணை அரக்கன் என்றார்கள். ஹொலிவூட்டோ தோண்டியவர்களை அரக்கர் ஆக்கியது.

விகாரிகள் உண்டா?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு நேரடியாக வருவோம். கதிர்வீச்சு பரம்பரை அலகுகளில் விகாரத்தை உண்டாக்கும். பழ ஈக்களில் அதை 1927இலேயே ஹேர்மன் முல்லர் நிரூபித்துக் காட்டினார். மனிதரில்? ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குக் குண்டுக்குப் பின் பிறந்த 70,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் ஆகியோரின் குழு பிறப்பிலிருந்தே பரிசோதித்தது. பிறவிக் குறைபாடுகள் மற்றவர்களை விடத் தெளிவாக அதிகரித்ததாக அந்த ஆய்விலோ பின்னர் நடந்த ஆய்வுகளிலோ காணப்படவில்லை. குண்டு வெடித்தபோது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகள் சிலர் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். அது வேறு. அது கருவின் மீது நேரடியாகப் பட்ட பாதிப்பு, பரம்பரையாகத் தொடர்வதல்ல.

ஆகவே தலைமுறை தலைமுறையாக உருக்குலைந்து, மனிதரைத் தின்னும் கூட்டமொன்று எங்கும் இல்லை. கதிர்வீச்சு செய்வது அமைதியான வேலை. குருதிப் புற்றுநோய், தைரொயிட் புற்றுநோய், இருபது முப்பது வருடம் கழித்து வரும் கட்டி. கமராவில் காட்ட ஒன்றுமில்லாத சாவு.

“படம்தானே, இதிலென்ன?” என்று கேட்கலாம். இருக்கிறது. ஹிபகுஷா என்று அழைக்கப்படும் ஜப்பானியத் தப்பியவர்கள் குண்டுக்குப் பின் அனுபவித்த இன்னொரு துன்பம் கல்யாணச் சந்தையில் இருந்தது. “அவர்களுக்கு ஊனமான பிள்ளைதான் பிறக்கும்” என்ற பேச்சால் சம்பந்தங்கள் முறிந்தன. பெண்கள் தாம் பிறந்த ஊரையே மறைத்தார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் வாய் திறக்கவில்லை. ஆய்வு சொன்னதை ஊர் கேட்கவில்லை, பயம் சொன்னதைக் கேட்டது. பாதிக்கப்பட்டவனை அருவருப்பாகக் காட்டும் ஒவ்வொரு கதையும் இந்தப் பயத்துக்குத்தான் தீனி போடுகிறது. அருவருப்புக்கு ஆளானவன் நியாயம் கேட்க முன்வரமாட்டான். இது குற்றவாளிக்கு மிக வசதி.

1954ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். மார்ச் 1இல் பசுபிக்கின் பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாதொன் குண்டை வெடித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் 23 மீனவர்கள் மீது சாம்பல் விழுந்தது. ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அதே நவம்பரில் ஜப்பானில் ‘கொட்ஸில்லா’ வெளியானது. அங்கே அரக்கன் என்பது குண்டுதான். மக்கள் மக்களாகவே இருந்தார்கள், வைத்தியசாலைப் பாயில் அழும் பிள்ளைகள் உட்பட. அதே வருடம் அமெரிக்காவில் வந்த ‘தெம்!’ என்ற படத்தில் ட்ரினிட்டிப் பாலைவனத்திலிருந்து இராட்சத எறும்புகள் கிளம்புகின்றன. இராணுவம் அவற்றை எரித்து நாட்டைக் காப்பாற்றுகிறது. குண்டு விழுந்த நாட்டின் கதையும் குண்டு போட்ட நாட்டின் கதையும் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இந்த இரண்டு படங்களும் போதும்.

படம் எடுக்கப்பட்ட இடம்

இன்னொன்று. நியூ மெக்சிகோ என்று படத்தில் காட்டப்படும் பாலைவனம் நியூ மெக்சிகோவே அல்ல. இரண்டு பாகங்களும் படமாக்கப்பட்டது மொரோக்கோவின் வர்ஸாஸாத் பகுதியில், சஹாராவின் ஓரத்தில்.

அந்த சஹாராவுக்கும் இதே கதை உண்டு. 1960 பெப்ரவரி 13இல், அயல்நாடான அல்ஜீரியாவின் ரெக்கான் என்ற இடத்தில் பிரான்ஸ் தனது முதலாவது அணுகுண்டை வெடித்தது. 70 கிலோதொன். ‘நீல ஜெர்போவா’ என்று பாலைவன எலியொன்றின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அல்ஜீரிய மக்கள் சுதந்திரத்துக்காக உயிர் கொடுத்துப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. மொரோக்கோ உள்ளிட்ட ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1959 நவம்பரிலேயே இதைச் செய்ய வேண்டாம் என்று பிரான்ஸைக் கேட்டிருந்தது. கேட்கவில்லை. 1966 வரை 17 பரிசோதனைகள். அல்ஜீரியா 1962இல் சுதந்திரம் அடைந்த பின்னரும் தொடர்ந்தது. 1961 ஏப்ரலில் ஒரு வெடிப்புக்குப் பின் பிரெஞ்சுச் சிப்பாய்களும் வெடிப்பிடத்தை நோக்கி அனுப்பப்பட்டார்கள். நெவாடாவில் செய்த அதே வேலை. நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்றைப் பிரான்ஸ் நிறைவேற்ற 2010 வரை ஆனது. அதனால் பயன்பெற்ற அல்ஜீரியர் மிகச் சொற்பம்.

கற்பனை அணு அரக்கர்களைப் படமெடுக்க வந்த கமரா, உண்மையிலேயே குண்டு வெடித்த பெரும் பாலைவனத்தின் விளிம்பில் நின்று, அந்தப் பக்கம் திரும்பாமலே போய்விட்டது.

எண்பது வருடம்

அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, காற்று வீசிய பக்கத்து மக்களுக்கு 50,000 டொலர், பரிசோதனையில் நின்றவர்களுக்கு 75,000, யுரேனியச் சுரங்கத் தொழிலாளருக்கு 100,000 என்று வகுத்தார்கள். நெவாடாவும் யூட்டாவும் அரிசோனாவும் பட்டியலில் இருந்தன. முதற் குண்டு விழுந்த நியூ மெக்சிகோவின் கிராமங்கள் இல்லை. அந்தக் கிராமத்து மக்கள் 2005இல் அமைப்பாகி, ஒவ்வொரு ஜூலையிலும் இறந்த உறவினரின் பெயர்களை வாசித்து மெழுகுதிரி ஏற்றினார்கள். வொஷிங்டனுக்குப் போய்ப் போய் வந்தார்கள். 2023இல் ‘ஒப்பன்ஹைமர்’ படம் ட்ரினிட்டி வெடிப்பை உலகமெல்லாம் பெரிய திரையில் காட்டியது. இந்த மக்களை அது காட்டவில்லை. 2024இல் பழைய சட்டமே காலாவதியானது. கடைசியாக 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்தில்தான் நியூ மெக்சிகோவும் சேர்க்கப்பட்டது. முதற் குண்டின் 80ஆவது ஆண்டு நிறைவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்பறையில் நாம் அணுகுண்டை இரண்டு ஊர்ப் பெயரோடும் இரண்டு திகதியோடும் முடித்துவிடுகிறோம். அது இரண்டு நாள் கதையல்ல. சொந்த நாட்டுச் சிப்பாயையும் சொந்த நாட்டு விவசாயியையும் சொந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளியையும் கேட்காமலே பரிசோதனைப் பொருளாக்கிய கதை. படத்தில் ஒருவரையொருவர் கொன்றுகொள்ளும் இரு தரப்பும் வரலாற்றில் ஒரே தரப்பு. சிப்பாயும் பாதிக்கப்பட்டவன், சுரங்கத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவன். அவர்களை அந்தப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் திரையில் வரவே இல்லை.

ஆகவே பிள்ளைகள் இப்படியான படமொன்றைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் பொய், போய்ப் படி” என்று சொல்லிவிடாதீர்கள். “இவர்களை இப்படி ஆக்கியது யார்? அவர் படத்தில் எங்கே?” என்று திருப்பிக் கேளுங்கள். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், மிச்சத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.